நரம்பில் ஓடுவது மின்சாரம்தானா?

கேட்கப்பட்டவை மூன்று. நரம்புகளில் மின்சாரம் ஓடுகிறது என்கிறார்களே, அது கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் போன்றதுதானா? ஒரு நரம்புச் செல் அடுத்ததைத் தொடுவதே இல்லை என்றால், செய்தி அந்த இடைவெளியை எப்படிக் கடக்கிறது? எல்லா நரம்புகளிலும் போவது ஒரே வகைத் துடிப்பு என்றால், வலி வலியாகவும் ஒளி ஒளியாகவும் தெரிவது எப்படி? தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் முதலாவதற்குச் சரியான விடை கிடைத்தால்தான் மற்ற இரண்டும் புரியும். அந்த முதல் விடையை நம் கால் கட்டைவிரலிலேயே கண்டுகொள்ளலாம்.

இருட்டில் நடக்கும்போது கட்டில் காலில் கட்டைவிரலை இடித்துக்கொள்ளாதவர் யாரும் இருக்க முடியாது. அந்தக் கணத்தைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். இடித்துவிட்டோம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. சுரீரென்று கூர்மையான வலி ஒன்றும் ஏறத்தாழ அதனுடனேயே வருகிறது. ஆனால் பல்லைக் கடிக்க வைக்கும் அந்த விண்விண் என்ற வலி வந்து சேர்வதற்கு முன், ‘ஐயோ, இப்போது வலிக்கப் போகிறதே’ என்று நினைத்துக்கொள்ளவே நேரம் கிடைக்கிறது. ஒரே இடி, ஒரே விரல், ஒரே உடல். ஆனால் செய்திகள் வேறுவேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. தொடுகையை எடுத்துச் செல்லும் தடித்த நரம்பிழைகளின் வேகம் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர். விண்விண் வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் வேகமோ நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான். விரலிலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், முன்னது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் போய்ச் சேர, பின்னது ஒரு நொடியையே எடுத்துக்கொள்கிறது. செம்புக் கம்பியில் மின் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் பெரும்பகுதியை எட்டும் வேகத்தில் பாய்வதை இதனுடன் ஒப்பிட்டால், நரம்பு ஒரு மின்கம்பி அன்று என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது.

இந்த வேகத்தை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்புச் சமிக்ஞையின் வேகத்தை அளக்க என்றுமே இயலாமற் போகலாம் என்று அவருடைய ஆசிரியர் யோஹான்னஸ் முல்லரே கருதியிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் செய்தது வியப்பூட்டும் அளவுக்கு எளியது: தவளையின் கால் தசையோடு இணைந்த நரம்பை முதலில் தசைக்கு அருகிலும் பிறகு சற்றுத் தள்ளியும் தூண்டி, தசை சுருங்கத் தொடங்கும் நேரங்களின் வேறுபாட்டைக் கண்டார். கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர். மின்னலைப் போல விரையும் என்று நம்பப்பட்ட ஒன்று, வேகமாக ஓடும் குதிரையைக் காட்டிலும் சற்றுதான் விரைவாகப் போகிறது என்று தெரிய வந்தபோது பலருக்கு ஏமாற்றமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த மந்தமான வேகம்தான் உண்மையான துப்பு. ஏதோ ஒன்று வெறுமனே பாயவில்லை, வழியெங்கும் வேலை நடக்கிறது என்பதை அது காட்டியது.

அந்த வேலை என்ன என்று பார்ப்பதற்கு முன் செல்லின் உருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்புச் செல்லுக்கு உட்கருவைத் தாங்கிய ஓர் உடல் உண்டு. செய்திகளை வாங்கிக்கொள்ளும் டென்ட்ரைட்டுகள் என்ற கிளைகள் உண்டு. செய்தியை அனுப்பும் ஆக்சான் என்ற ஒற்றை நீள்வால் உண்டு. ஆக்சானின் முனை பலவாகப் பிரிந்து மற்றச் செல்களின் மேல் சென்று முடியும். மனித மூளையில் இத்தகைய செல்கள் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன. கால் விரலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் இழையை ஆயிரம் செல்கள் கைகோத்த சங்கிலி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது ஒரே செல். அதன் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத அந்த உடலிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு வால் இறங்குகிறது. விரல் நுனிக்குத் தேவையான புரதங்களைச் செல்லின் உடல் தயாரித்து, நுண்குழல்களின் மேல் நடக்கும் மோட்டார்ப் புரதங்களிடம் ஒப்படைக்கிறது. அவை நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டர் வரை சுமந்து செல்கின்றன. சரக்கு போய்ச் சேர இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். செய்தி ஒரு வழியிலும் சரக்கு வேறொரு வழியிலும் போகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, தடிமன் சுமார் 5 நானோமீட்டர். மின்னூட்டம் பெற்ற அயனிகளால் கொழுப்பை ஊடுருவ முடியாது. அவற்றுக்கென்று அமைந்த புரதக் கால்வாய்கள் வழியாகத்தான் போக முடியும். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் மிகுதி, லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே 4 அல்லது 5 மட்டுமே. சோடியம் இதற்கு நேர்மாறு: வெளியே 145, உள்ளே 10 முதல் 15. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ இதனை 1957இல் நண்டின் நரம்பில் கண்டறிந்தார். நோபல் பரிசு 1997இல் வந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, இந்தப் பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. உடல் எடையில் வெறும் 2 சதவீதமான மூளை, உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கு இந்த ஓயாத இறைப்பு ஒரு பெரிய காரணம்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதை ஓய்வுநிலை மின்னழுத்தம் என்கிறோம். மூன்றை வெளியே தள்ளி இரண்டை உள்ளே இழுப்பதால்தான் இந்த எதிர்மின்னூட்டம் வருகிறது என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பலர். அது மிகச் சிறிய பங்குதான். உண்மையான காரணம் கசிவு. ஓய்வில் இருக்கும் சவ்வில் திறந்திருப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் கால்வாய்கள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பொட்டாசியம் செறிவு குறைந்த வெளிப்புறத்தை நோக்கிக் கசிகிறது. போகும் ஒவ்வோர் அயனியும் ஒரு நேர்மின்னூட்டத்தைத் தன்னோடு எடுத்துச் செல்வதால் உட்புறம் எதிர்மின்னூட்டம் அடைகிறது. அந்த எதிர்மின்னூட்டமே மேலும் வெளியேற முயலும் பொட்டாசியத்தைப் பிடித்து இழுக்கிறது. தள்ளும் செறிவும் இழுக்கும் மின்விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடத்தில் கசிவு நிற்கிறது. பொட்டாசியம் மட்டுமே கசிந்தால் அந்த இடம் மைனஸ் 90 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும். சோடியமும் சிறிது உள்ளே கசிவதால் மைனஸ் 70இல் நிற்கிறது. பம்பு செய்வது தொட்டியை நிரப்பி வைக்கும் வேலை. மின்னழுத்தத்தை உண்டாக்குவது தொட்டியில் விட்டு வைத்திருக்கும் குறிப்பிட்ட ஓட்டை.

70 மில்லிவோல்ட் என்பது கேட்கச் சொற்பமாகத்தான் இருக்கிறது. கடிகாரத்தில் போடும் சிறு மின்கலத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் அது 5 நானோமீட்டர் தடிமனுக்குக் குறுக்கே நிற்கிறது. கணக்கிட்டால் மீட்டருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட் வருகிறது. காற்றில் மின்பொறி பறப்பதற்கு மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் போதும் என்பதை நினைத்தால், ஓய்வில் இருக்கும் செல் எவ்வளவு இறுக்கமாக நாணேற்றிய வில் என்பது விளங்கும். சவ்வில் உள்ள கால்வாய்ப் புரதங்கள் இந்த விசையில் சிறு மாறுதல் வந்தாலும் உணர்ந்து வடிவம் மாறக்கூடியவை. அந்த நாணை விடுவிப்பதுதான் செயல் மின்னழுத்தம். இனி அதைத் துடிப்பு என்றே சொல்கிறேன்.

ஏதோ ஒரு தூண்டல் சவ்வின் ஓரிடத்தில் மின்னழுத்தத்தை மைனஸ் 70இலிருந்து மைனஸ் 55க்கு அருகே கொண்டுவந்துவிட்டால், அங்கே மூடிக்கிடந்த சோடியம் கால்வாய்களில் சில திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அதனால் மின்னழுத்தம் மேலும் உயர்கிறது. அது மேலும் பல கால்வாய்களைத் திறக்கிறது. தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் இடையில் நிற்காது; ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் உட்புறம் பிளஸ் 30 அல்லது 40 மில்லிவோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. அப்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. திறந்த சோடியம் கால்வாய்கள், புரதத்தின் ஒரு பகுதியே அடைப்பாக வந்து உட்கார்ந்துகொள்வதால், தாமாகவே அடைபடுகின்றன. சற்றுத் தாமதமாக விழித்துக்கொள்ளும் பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, மின்னழுத்தத்தைப் பழைய இடத்துக்கும் சிறிது கீழே வரை இறக்கிவிடுகின்றன. அடைபட்ட சோடியம் கால்வாய்கள் மீண்டும் ஆயத்தமாக ஓரிரு மில்லிநொடிகள் ஆகும். அதுவரை அந்த இடம் எவ்வளவு தூண்டினாலும் எளிதில் மசியாது.

இதில் உள்ளே வரும் சோடியத்தின் அளவு மிகவும் குறைவு. தடித்த ஆக்சானில் ஒரு துடிப்பால் உள்ளே இருக்கும் செறிவு மாறுவதை அளப்பதுகூடக் கடினம். கணவாயின் பெரிய ஆக்சானில் பம்பை நஞ்சிட்டு நிறுத்திய பிறகும் அது ஆயிரக்கணக்கான முறை துடித்தது. அதாவது பம்பு ஒவ்வொரு துடிப்புக்கும் பின் ஓடிவந்து சீர்செய்வதில்லை. மின்னழுத்தத்தை மீட்டெடுப்பது பொட்டாசியத்தின் வெளியேற்றம்தான். பம்பு நீண்டகாலக் கணக்கைச் சரிசெய்கிறது.

மேலே சொன்னதெல்லாம் தெரிய வந்தது அந்தக் கணவாயின் புண்ணியத்தால்தான். அதன் உடலில் தப்பிச் செல்லும்போது நீரைப் பீய்ச்சுவதற்கான தசைகளை இயக்கும் ஆக்சான் ஒன்று இருக்கிறது. அதன் விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939இல் அதற்குள் நுண்மின்வாயைச் செருகி, துடிப்பின்போது மின்னழுத்தம் சுழியைத் தாண்டி நேர்மின் பக்கம் ஏறுவதைக் கண்டார்கள். போர் குறுக்கிட்டது. போருக்குப் பின் தொடர்ந்த ஆய்வுகளை 1952இல் சமன்பாடுகளாக வெளியிட்டபோது, பல்கலைக்கழகத்தின் கணினி கிடைக்காமற் போனதால், கையால் சுழற்றும் கணக்கிடும் இயந்திரத்தில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் உட்கார்ந்து துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட்டார். கணக்கில் வந்த வளைவும் கருவியில் பதிந்த வளைவும் ஒத்துப்போயின. கால்வாய் என்ற பொருளை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குத் தீராத வியப்பு. ஒற்றைக் கால்வாயின் வழியே ஓடும் மின்னோட்டத்தை எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் பதிவு செய்தது 1976இல்தான்.

இப்போது முதல் கேள்விக்கான விடை கையில் இருக்கிறது. கம்பியில் மின்னோட்டம் கம்பியின் நீளவாக்கில் ஓடுகிறது. நரம்பில் அயனிகள் பெரும்பாலும் சவ்வுக்குக் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளும் உள்ளிருந்து வெளியுமாக, ஓரிடத்திலேயே நுழைந்து வெளியேறுகின்றன. நீளவாக்கில் நகர்வது அந்த நிகழ்ச்சி. ஓரிடத்தில் நுழைந்த நேர்மின்னூட்டம் பக்கத்து இடத்துக்குச் சிறிது பரவி அங்குள்ள கால்வாய்களைத் திறக்கிறது. அங்கே துடிப்பு புதிதாகப் பிறக்கிறது. திரியில் தீ நகர்வதைப் போல என்று சொல்லலாம், எரிந்த திரி உடனே புதிதாகிவிடும் என்ற ஒரு திருத்தத்துடன். ஒவ்வோர் அடியிலும் புதிதாகப் பிறப்பதால்தான் ஒரு மீட்டர் கடந்தும் துடிப்பின் உயரம் ஒரு மில்லிவோல்ட்கூடக் குறைவதில்லை. கடந்து வந்த இடத்தில் சோடியம் கால்வாய்கள் அடைபட்டுக் கிடப்பதால்தான் அது திரும்பி ஓடுவதில்லை. மருத்துவர்கள் மரத்துப்போகச் செலுத்தும் லிடோகைன், நரம்பை வெட்டாமல் இந்தச் சோடியம் கால்வாய்களை மட்டும் அடைத்துவிடுகிறது. அந்த இடத்தில் துடிப்பு மறுபடி பிறக்க முடியாமல் அணைந்துபோகிறது. பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சின் செய்வதும் அதே அடைப்புதான். அது உடலெங்கும் பரவி மூச்சுத் தசைகளின் நரம்புகளையும் நிறுத்திவிடுவதால் உயிரைப் பறிக்கிறது.

அடிக்கு அடி பிறந்துகொண்டு போவது நம்பகமான முறை, ஆனால் மெதுவானது. வேகம் கூட்ட இரண்டு வழிகள். ஆக்சானைத் தடிமனாக்கலாம், கணவாய் அதைத்தான் செய்தது. நம் உடல் அந்த வழியை மட்டும் நம்பியிருந்தால் தண்டுவடம் ஒரு மரத்தண்டின் பருமனுக்கு வளர்ந்திருக்க வேண்டும். முதுகெலும்புள்ள விலங்குகள் வேறு வழி கண்டன: மையலின் என்ற கொழுப்புறையை ஆக்சானைச் சுற்றிப் பல அடுக்குகளாகச் சுருட்டி, இடையிடையே ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டன. லூயி ரேன்வியர் 1870களில் விவரித்த இந்தக் கணுக்களில்தான் சோடியம் கால்வாய்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. உறைக்குள் மின்னூட்டம் கசியாமல் விரைந்து பரவ, துடிப்பு கணுவுக்குக் கணு மட்டும் புதிதாகப் பிறக்கிறது. இதனால் நொடிக்கு 120 மீட்டர் வரை எட்ட முடிகிறது. கட்டைவிரலின் தொடுகையைக் கொண்டுசென்ற இழைக்கு இந்த உறை இருக்கிறது. விண்விண் வலியின் இழைக்கு இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் உடலின் தற்காப்பு அமைப்பே மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் மையலினைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் துடிப்பு தாமதமாகிறது, சில சமயம் அடுத்த கணுவை எட்டாமலே அவிந்துவிடுகிறது.

மூன்றாவது கேள்வியை இங்கேயே எடுத்துக்கொள்வது வசதி. துடிப்பு எழுந்தால் முழுதாக எழும், இல்லையேல் எழாது. பலமாக இடித்தால் பெரிய துடிப்பு, மெல்லத் தொட்டால் சிறிய துடிப்பு என்பதெல்லாம் இல்லை. தூண்டலின் வலு கூடும்போது ஒரு நொடிக்கு எழும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை எட்கர் ஏட்ரியன் 1926இல் ஒற்றை நரம்பிழையில் பதிவு செய்து காட்டினார். இது ‘எவ்வளவு’ என்பதற்கு விடை. ‘என்ன’ என்பதற்கு விடை துடிப்பில் இல்லவே இல்லை. அது எந்த இழையில் வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தை விரலால் மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் மங்கலான ஒளிவட்டம் ஒன்று தோன்றும். அங்கே ஒளி இல்லை, அழுத்தம்தான் இருந்தது. ஆனால் அது விழித்திரையின் செல்களைத் தூண்டியது, அந்த இழைகளில் வருவது எதுவானாலும் மூளைக்கு அது ஒளிதான். மிளகாய் ‘சுடுவது’ம் இப்படித்தான். 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறக்கும் ஒரு கால்வாயைக் காப்சைசின் என்ற வேதிப்பொருள் வெப்பமே இல்லாமல் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இந்தக் கால்வாயை அடையாளம் கண்டனர்.

இனி இரண்டாவது கேள்வி, என் கருத்தில் மூன்றிலும் வளமானது. நரம்புச் செல்கள் தொட்டுக்கொள்கின்றனவா என்பதே ஒரு காலத்தில் பெரும் விவாதமாக இருந்தது. இத்தாலியின் காமில்லோ கோல்ஜி 1873இல் ஒரு வெள்ளிச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அது மிகச் சில செல்களை மட்டும் முழுதாகக் கறுப்பாக்கி, மற்றவற்றை விட்டுவிடும். அந்தச் சாயத்தைக் கொண்டு பார்த்த கோல்ஜி, நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்றார். அதே சாயத்தைக் கொண்டு 1888இலிருந்து பார்த்த ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால், ஒவ்வொன்றும் தனிச் செல், முனைகள் நெருங்கி வருகின்றனவே அன்றி ஒட்டுவதில்லை என்றார். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தார்கள். கோல்ஜி தம் பரிசுரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். சார்லஸ் ஷெரிங்டன் 1897இல் சினாப்ஸ் என்று பெயரிட்ட அந்தச் சந்திப்பின் இடைவெளியை, 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் கண்ணால் பார்க்க முடிந்தது. அதன் அகலம் 20 முதல் 40 நானோமீட்டர் வரை.

இந்த இடைவெளியைக் கடப்பது மின்பொறியா, வேதிப்பொருளா? 1921இல் ஓட்டோ லோவி வெளியிட்ட பரிசோதனைதான் விடையைத் தந்தது. அது அவருக்குக் கனவில் வந்தது; நள்ளிரவில் எழுந்து ஒரு காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார், காலையில் தம் கையெழுத்தே தமக்குப் புரியவில்லை. அடுத்த இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தபோது நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில் இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளரச் செய்தபின், அதில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத இரண்டாவது இதயமும் தளர்ந்தது. நரம்பின் செய்தி கரைசலில் கலந்திருந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று.

இன்று நமக்குத் தெரிந்தபடி அந்தக் கடப்பு இவ்வாறு நிகழ்கிறது. ஆக்சானின் முனையில், சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள், ஒவ்வொன்றிலும் நரம்பியக்கடத்தி எனப்படும் செய்திப்பொருளின் சில ஆயிரம் மூலக்கூறுகளுடன் காத்திருக்கின்றன. துடிப்பு வந்து சேர்ந்ததும் அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே இருப்பதைவிடச் செல்லுக்குள் கால்சியம் பத்தாயிரம் மடங்கு குறைவாகவே வைக்கப்பட்டிருப்பதால், நுழையும் சிறிதளவு கால்சியமே உரத்த கூப்பிடு குரலாக ஆகிவிடுகிறது. நுண்பையின் மேலும் சவ்வின் மேலும் இருக்கும் ஸ்னேர் புரதங்கள் ஏற்கெனவே பாதி முறுக்கிய நிலையில் ஒன்றையொன்று பற்றியிருக்கும். கால்சியத்தை உணரும் சினாப்டோடாக்மின் என்ற புரதம் அசைந்ததும் முறுக்கு முழுமையாகி, பையின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றாகக் கலந்து, உள்ளிருந்தவை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்ப்புறச் செல்லில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் என்ற புரதங்களில் அவை பொருந்த, அங்கே அயனிக் கால்வாய்கள் திறக்கின்றன. துடிப்பு வந்ததிலிருந்து இது வரை ஆவது அரை மில்லிநொடி அல்லது சற்றுக் கூடுதல்.

கடத்திகள் துளித்துளியாக அன்றிப் பைபையாகவே வெளிவருகின்றன என்பதை பெர்னார்ட் கட்ஸ் காட்டிய விதம் அழகானது. எந்தத் துடிப்பும் வராமல் ஓய்ந்திருந்த நரம்பு–தசைச் சந்திப்பில் அரை மில்லிவோல்ட் அளவுள்ள சிறு சலனங்கள் அவ்வப்போது தாமாகவே எழுவதை அவரும் பால் ஃபாட்டும் 1952இல் பதிவு செய்தார்கள். பிறகு கால்சியத்தைக் குறைத்துத் துடிப்பை அனுப்பியபோது, தசையில் எழுந்த மின்மாற்றம் அந்த அரை மில்லிவோல்ட்டின் ஒரு மடங்காக, இரு மடங்காக, மும்மடங்காக இருந்ததே தவிர, ஒன்றரை மடங்காக வரவே இல்லை. சில்லறை கொடுக்காத கடைக்காரரைப் போல, நரம்பு முனை முழுப் பையைத்தான் கொடுக்கும்.

கொட்டியதை அள்ளுவதும் அதே அளவு முக்கியம். இல்லாவிட்டால் ஒரு முறை சொன்ன சொல் காற்றில் நின்றுகொண்டே இருக்கும். அசிட்டைல்கோலினை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இடைவெளியிலேயே உடைத்துவிடுகிறது. குளூட்டமேட், காபா, டோபமைன், செரட்டோனின் முதலிய கடத்திகளை அனுப்பிய முனையும் சுற்றியுள்ள செல்களும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும் பல மருந்துகள் செரட்டோனினை உறிஞ்சும் அந்தப் பாதையைத்தான் மறிக்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்குபவை. அதனால்தான் அந்த நஞ்சு ஏறியவருக்கு எச்சில் வடிவதும், கண்மணி சுருங்குவதும், தசைகள் துடித்துப் பின் செயலிழப்பதும் ஒன்றாகக் காணப்படுகின்றன. பாட்டுலினம் நஞ்சு இதற்கு எதிர்முனை: அது ஸ்னேர் புரதங்களை வெட்டிவிடுவதால் பை திறப்பதே இல்லை.

ஒரு கடத்திக்கு ஒரு குணம் என்று பட்டியல் போடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. டோபமைனை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்பது அதில் மிக மோசமான பெயர். அதே டோபமைன் மூளையின் ஒரு பகுதியில் குறைவதால்தான் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறது, நடை தடைபடுகிறது. அசிட்டைல்கோலின் கைத்தசையைச் சுருங்கச் செய்கிறது, இதயத்தைத் தளரச் செய்கிறது. செய்தியின் பொருளைத் தீர்மானிப்பது கடத்தி அன்று, அதை வாங்கும் ஏற்பி. மூளையில் குளூட்டமேட் பெரும்பாலும் ஊக்கம் தருகிறது, ஏனெனில் அதன் ஏற்பிகள் நேர்மின் அயனிகளை உள்ளே விடுகின்றன. முதிர்ந்த மூளையில் காபா பெரும்பாலும் தடுக்கிறது, ஏனெனில் அதன் முக்கிய ஏற்பி குளோரைடை உள்ளே விட்டுச் செல்லைத் துடிப்பிலிருந்து விலக்கி வைக்கிறது.

மூளையில் ஒரு சந்திப்பில் வரும் ஊக்கம் பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. துடிப்புக்கு வேண்டியதோ பதினைந்து. எனவே எந்த ஒற்றைச் செல்லும் அடுத்ததை ஆணையிட்டு இயக்குவதில்லை. ஒரு செல்லின் மேல் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் இருக்கின்றன. சில தள்ளுகின்றன, சில இழுக்கின்றன. ஒரே சமயத்தில் வந்தவை கூடுகின்றன, அகாலத்தில் வந்தவை கரைந்துபோகின்றன. அத்தனையின் நிகரக் கூட்டல், ஆக்சான் தொடங்கும் இடத்தில், மைனஸ் 55ஐத் தொட்டதா இல்லையா என்ற ஒரே கேள்வியாக முடிகிறது. செல்களைச் சிறு துளைகளால் நேரடியாக இணைத்து மின்னோட்டத்தையே கடத்தும் சந்திப்புகளும் உண்டு. எட்வின் ஃபர்ஷ்பனும் டேவிட் பாட்டரும் நன்னீர் இறாலில் 1959இல் அவற்றை விவரித்தார்கள். அவற்றில் தாமதமே இல்லை எனலாம். இருந்தும் நம் மூளை பெரும்பாலான இடங்களில் தாமதமான வேதிச் சந்திப்பையே வைத்திருப்பதற்குக் காரணம், அங்கேதான் ஊக்கத்தைத் தடையாக மாற்றவும், சொன்னதைப் பெருக்கவும் குறைக்கவும் முடியும்.

சந்திப்பின் வலு நிலையானதும் அன்று. 1973இல் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் முயல் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு பாதையைச் சில நொடிகள் விரைவாகத் தூண்டிவிட்டு, அதன் பின் பல மணி நேரம் அந்தச் சந்திப்புகள் முன்னைவிட வலுவாகப் பதிலளிப்பதைக் கண்டார்கள். இதற்கு முக்கியமான, குளூட்டமேட்டை வாங்கும் என்எம்டிஏ என்ற ஏற்பியின் வாயில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்தது என்பதால் மட்டும் அது நகராது. வாங்கும் செல்லும் அதே சமயம் ஊக்கம் பெற்றிருந்தால்தான் அது வெளியே தள்ளப்பட்டுக் கால்சியம் நுழையும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக நடந்தனவா என்று பார்க்கும் கருவியாக ஒற்றை மூலக்கூறு வேலை செய்கிறது. நுழைந்த கால்சியம், கூடுதல் ஏற்பிகளைச் சந்திப்புக்கு வரவழைக்கிறது.

கடைசியாக, இடித்த கட்டைவிரல். யாரும் சொல்லித் தராமலே குனிந்து அதைக் கையால் அழுத்தித் தேய்க்கிறோம். வலி சற்றுத் தணிகிறது. இதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் ஒரு விளக்கம் தந்தார்கள். அவர்கள் வரைந்த சுற்றின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அதன் மையக் கருத்து நிற்கிறது. வலியின் மெல்லிய இழைகளும் தொடுகையின் தடித்த இழைகளும் தண்டுவடத்தின் பின்புறத்தில் அருகருகே வந்து முடிகின்றன. தேய்க்கும்போது தடித்த இழைகளில் துடிப்புகள் மளமளவென்று வந்து, அங்குள்ள தடுப்புச் செல்களை எழுப்புகின்றன. அவை காபாவையும் கிளைசினையும் கொட்டி, வலியை மூளைக்கு அனுப்பவேண்டிய செல்லின் மின்னழுத்தத்தைத் துடிப்பின் எல்லைக்குக் கீழே அழுத்தி வைக்கின்றன. விரலிலிருந்து வலியின் துடிப்புகள் அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சந்திப்பைத் தாண்டிப் போகின்றவைதான் குறைந்துவிட்டன. கையை எடுத்ததும் தடுப்பு விலகுகிறது, விண்விண் என்று அது மறுபடியும் தொடங்குகிறது.